டிரெசர் குடிக்காத தண்ணீர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஜப்பான்காரன் காலத்துப் பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. ஒருவர் மரவள்ளிக்கிழங்கைச் சொல்வீர்கள். ஒருவர் சயாம் ரயில்பாதை வேலையைச் சொல்வீர்கள். இன்னொருவர் பண்டார் ஹிலிரில் சிப்பாயிடம் வாங்கிய அறையைச் சொல்லிவிட்டுச் சிரிப்பீர்கள். நான் மட்டும் வாய் திறப்பதில்லை. ஏன் என்று போன தடவை கேட்டீர்கள். அந்தக் காலத்தை நினைத்தால் எனக்குப் பசியும் பயமும் பிறகுதான் வரும். முதலில் குமட்டும். இன்றைக்கும் வீட்டில் பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்தால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். மருமகள் அதை ஏதோ வயசான கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

காஜா பேராங் பகுதியில், செட்டிமார் கம்பம் என்கிற குடியிருப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் அப்போது அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள் ஒரு வரிசையாக இருந்தன. எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே கிணறு. வரிசையின் கோடியில் இருந்த பலகை வீடு பெரியப்பாவுடையது. ரயில்பாதை போட அப்பாவைச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போன பிறகு அம்மாவும் நானும் தம்பியும் அந்த வீட்டுப் பின்னறையில் ஒண்டிக்கொண்டிருந்தோம். பெரியப்பா கொண்டுவருகிற அரிசியில்தான் எங்களுக்கும் ஒரு பிடி. சுண்ணாம்பு நாற்றமும் புழுவும் கலந்த அரிசி. அதற்கும் கை நீட்டி நிற்க வேண்டியிருந்தது.

பெரியப்பா ஆஸ்பத்திரியில் டிரெசர். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் டாக்டர் எழுதிய மருந்தைக் கலந்து கொடுப்பதும்தான் வேலை. ஆனால் வெள்ளைக்கார டாக்டர்கள் ஓடிப்போன பிறகு எங்கள் வரிசைக்கு அவரே டாக்டர் ஆனார். சோப்பு கிடைக்காத காலம். எங்கள் விரல் இடுக்கெல்லாம் சொறி, சீழ். அவர் மட்டும் வெள்ளைக் கால்சட்டையும் வழித்த தாடையுமாக நடந்து வருவார். அவர் வந்தால் பெண்கள் எழுந்து நிற்பார்கள். அவர் "ம்" என்றால் அது தீர்ப்பு.

சண்டைக்கு முன்பு நகராட்சி ஆட்கள் காலையில் வந்து கக்கூஸ் வாளிகளை எடுத்துப் போவார்கள். அவர்களையும் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன பிறகு வாளிகள் நிரம்பி வழிந்தன. ஈ என்றால் அப்படி ஓர் ஈ. கிழங்கை வாயில் வைக்கும் முன் ஊதிவிட்டு வைக்க வேண்டும். வாளியில் நெளிந்ததெல்லாம் மெல்ல வாசல்வரை வந்துவிட்டது. அப்போதுதான் பெரியப்பா எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழி வெட்டச் சொன்னார். நல்ல யோசனைதான். அவர் வீட்டுக்குப் பின்னால் தாராளமாக இடமும் இருந்தது, கிணற்றுக்கு வெகு தள்ளி. ஆனால் அங்கே அவருடைய மரவள்ளி நின்றது. ஒரு பாத்தியைக்கூட இழக்க அவருக்கு மனம் வரவில்லை. கிணற்றுக்கு மேட்டுப் பக்கத்தில் காலால் ஒரு கோடு இழுத்துக் காட்டி, "இங்க வெட்டுங்க" என்றார். டிரெசர் சொன்ன இடம், யார் மறுப்பார்கள்? அந்தக் குழியில் பாதிக்கு மேல் வெட்டியவர் எங்கள் பக்கத்து வீட்டு முடிவெட்டுக்காரர்.

அவர் மகள் என் கூட்டாளி. முன்பல் இரண்டும் விழுந்த சந்து வழியாக விசில் அடிப்பாள். சிப்பாயைக் கண்டால் குனிந்து கும்பிட வேண்டும் என்று எல்லாரும் எங்களை மிரட்டி வைத்திருந்தார்கள் அல்லவா, அதற்கு அவள் தன் வீட்டுக் கிடாவை வைத்துப் பயிற்சி எடுப்பாள். கிடாவுக்கு முன் நின்று, கும்பிடச் சொல்லும் ஜப்பான் உத்தரவை "கெய்ரே!" என்று கத்தி இடுப்பை மடக்கிக் குனிவாள். கிடா முட்ட வரும். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

செட்டிமார் கம்பத்திலிருந்து ஒரு விதவை அம்மாள் காலையில் எங்கள் வரிசைக்கு வருவாள். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். எங்களைப்போல் சாமி கும்பிடுகிறவள், ஆனால் தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் வராது. நாங்கள் அவளை மக்சிக் என்று கூப்பிடுவோம், மலாயில் அத்தை என்பதுபோல. கிழங்கைத் துருவித் தேங்காய்ப்பூ சேர்த்து வாழை இலையில் பொதிந்து அவித்த குவே என்கிற பலகாரத்தை ஒரு பெரிய மண்சட்டியில் வைத்து இடுப்பில் சுமந்து வருவாள். சட்டியின் மூடியைத் தூக்கும்போது வருமே ஒரு ஆவி, வெந்த வாழை இலையும் தேங்காயும் கலந்த வாசனை, அந்த நாற்றம் பிடித்த காலத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல வாசனை அதுதான். விறகோ தேங்காயோ கொடுத்து வாங்கிக்கொள்வோம். வீட்டுக்குத் திரும்பும்போது எங்கள் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் எடுத்துப் போவாள்.

மழை பிடித்த பிறகு சீதபேதி வந்தது. முதலில் தம்பிக்கு. அவனுக்கு நாலு வயது இருக்கும். சளியும் ரத்தமுமாகப் போய்க்கொண்டே இருந்தான். துவைக்க சோப்பு இல்லை, மாற்றத் துணி இல்லை. அம்மா சாம்பலைப் போட்டு அலசிய துணி காயாமல் அறை முழுக்க நாறியது. இன்னும் இரண்டு வீடுகளில் பிள்ளைகள் படுத்தார்கள்.

பெரியப்பா வந்து தம்பியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"என்ன தின்னான்?"

"குவே தின்னான், மாமா" என்றாள் அம்மா. அவரை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"அதான். அந்தச் செட்டிச்சி கண்ட கையால பெசஞ்சு விக்கிறா. ஈ மொய்ச்ச கெழங்கு. ஊரு பிள்ளைங்களைக் கொல்ல வந்திருக்கா."

அவ்வளவுதான். மறுநாள் காலையில் மக்சிக் வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். எங்கள் அம்மா சாது. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் அந்தச் சட்டியை மக்சிக்கின் இடுப்பிலிருந்து பிடுங்கித் துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்தாள். சட்டி சிதறியது. மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டு கத்தினார்கள். யாரோ மக்சிக்கின் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள்.

"சாயா தாக் சாலா" என்றாள் மக்சிக். என் மேல் தப்பு இல்லை என்று அர்த்தம். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பிறகு கிழிந்த கெபாயா ரவிக்கையை மார்போடு பிடித்துக்கொண்டு போனாள். இனி கிணற்றுப் பக்கமே வரக்கூடாது என்று பெரியப்பா தன் வாசலில் நின்றபடியே சொன்னார். அவர் திண்ணமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. புல்லில் சிதறிக் கிடந்த குவே ஒன்றை என் கூட்டாளி எடுத்துத் துடைத்துத் தின்றுவிட்டாள். அவளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

மக்சிக் வரவு நின்றது. சீதபேதி நிற்கவில்லை. தம்பி எப்படியோ தேறினான். ஆனால் புதிது புதிதாக மற்றவர்கள் படுத்தார்கள். ஒரு கிழவர் போனார். பிறகு ஒரு கைக்குழந்தை போனது. இதைப் பெரியவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். என் கூட்டாளிதான் வாயைத் திறந்தாள். கிணற்றடியில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தபோது, "மக்சிக்தான் வர்றதே இல்லையே, அப்புறம் ஏம்மா இன்னும் கழியுது?" என்று கேட்டாள். அவள் அம்மா அவள் முதுகில் ஓர் அறை வைத்தாள். பெரியவர்கள் பேச்சில் வாய் வைக்கிறாளாம்.

அப்புறம்தான் அந்தப் பினாயில். குழியின் நாற்றம் தாங்காமல் பெரியப்பா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டின் பினாயில் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் அது கிடைப்பது பெரிய விஷயம். ஒரு சாயங்காலம் டின்னைத் தூக்கிக்கொண்டு அம்மா அவர் பின்னால் போனாள். நானும் கூடப் போனேன். டின்னில் சொட்டு மிச்சமில்லாமல் அம்மா கையாலேயே அவ்வளவையும் குழியில் கொட்டச் செய்தார். அன்று ராத்திரி முழுக்க மழை.

காலையில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தவர்கள் எல்லாரும் துப்பினார்கள். தண்ணீரில் பினாயில் வாடை. வெள்ளையாக ஒரு கலங்கல்கூட. பெண்கள் குடங்களோடு பெரியப்பாவைப் பார்த்து நின்றார்கள். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. குழியில் இருப்பது கிணற்றுக்கு வருகிறது என்பது ஒரு டிரெசருக்கு விளங்காதா? அவர் கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான். அதற்குள் அவர் என்ன செய்திருக்கலாம் என்று எழுபது வயதுக்கு மேலும் நான் யோசிக்கிறேன். "தப்பு பண்ணிட்டேன், யாரும் குடிக்காதீங்க" என்று சொல்லியிருந்தால் போதும். இரண்டு பேச்சு கேட்டிருப்பார். அதற்கு மேல் யார் அவரை என்ன செய்திருக்கப் போகிறார்கள்?

அவர் கையை உதறிவிட்டுச் சொன்னார்: "நான்தான் ஊத்தினேன். கிருமி சாவறதுக்கு. வாடை ரெண்டு நாள்ல போயிடும். தைரியமா குடிங்க."

பெண்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மலமும் பினாயிலும் கலந்த தண்ணீரை மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு, டிரெசர் ஐயா நல்லா இருக்கணும் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். வாளி வழிந்ததும் புழு நெளிந்ததும்கூட எனக்கு மங்கிப்போய்விட்டன. இந்தக் கும்பிடு மட்டும் மங்கவில்லை.

அம்மா அன்று மத்தியானம் அவரிடம் போய், "டின்னுல மிச்சமே இல்லையே, மாமா. கெணத்துல எப்போ ஊத்தினீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒனக்கும் ஒன் பிள்ளைங்களுக்கும் இந்த வீட்டுல சோறு வேணுமா, வேணாமா?"

அன்றையிலிருந்து பெரியம்மா அடுப்பில் எந்நேரமும் ஒரு பானைத் தண்ணீர் கொதித்தது. பெரியப்பாவுக்கு வயிறு சரியில்லையாம், அதனால் காய்ச்சின தண்ணீர்தானாம். அதைப் பார்த்து அம்மாவும் எங்கள் தண்ணீரைக் காய்ச்சத் தொடங்கினாள். வெளியில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பச்சைத் தண்ணீர் குடித்தால் கையை உடைப்பேன் என்று எங்களை மட்டும் மிரட்டினாள். அந்த நாட்களில் அவள் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை.

என் கூட்டாளி படுத்தாள். கொஞ்சம் தண்ணீராவது குடி என்று அவள் அம்மா அந்தக் கிணற்றுத் தண்ணீரையே விடாமல் புகட்டினாள். நான் எட்டிப் பார்த்தபோது கண் குழிக்குள் போயிருந்தது. விசில் அடி என்றேன். உதட்டைக் குவித்தாள், காற்றுதான் வந்தது. மறுநாள் போய்விட்டாள். பாயில் சுற்றி எடுத்துப் போனார்கள். பெரியப்பா வந்து முடிவெட்டுக்காரர் தோளில் கை வைத்து, "விதி. என்ன செய்ய முடியும்?" என்றார். வெள்ளைக் கால்சட்டைதான் போட்டிருந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, வரிசைப் பெண்கள் எல்லாரும் கிணற்றடியில் இருந்த நேரத்தில் அம்மா அங்கே போனாள். என்னையும் தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் இந்தத் தண்ணிய எடுக்காதீங்க" என்றாள். "குழித் தண்ணி இதுல வருது. அந்தப் பினாயில நான்தான் குழியில கொட்டினேன், என் கையால. கெணத்துல யாரும் ஊத்தல. குழியில கொட்டினதுதான் இங்க வந்து நாறுச்சு."

அம்மா முடிவெட்டுக்காரர் மனைவியைப் பார்த்துத் திரும்பினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். வீட்ட விட்டுத் தொரத்திடுவாங்கன்னு பயந்துட்டேன். என் பிள்ளைங்களுக்கு மட்டும் காய்ச்சிக் குடுத்தேன். ஒனக்குச் சொல்லல. சொல்லியிருந்தா ஒன் பிள்ளை இருந்திருக்கும்."

அந்தப் பெண் பாய்ந்து அம்மாவின் கன்னத்தில் அறைந்தாள். தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள். அம்மா கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தம்பி அலறினான். சத்தம் கேட்டுப் பெரியப்பா வந்தார்.

"இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. புருசன் போனதுல இருந்தே இப்படித்தான். வீட்டுக்குப் போ!"

முடிவெட்டுக்காரர் அதுவரைக்கும் கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டார். ஒரு குவளையில் ஊற்றிக் கொண்டுவந்து பெரியப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"குடிங்க, டிரெசர்."

"எனக்கு வயிறு சரியில்ல."

"ஒரு வாய் குடிங்க. அப்புறம் அந்த அம்மாவுக்குத்தான் பைத்தியம்னு நானே சொல்றேன்."

பெரியப்பா குவளையைப் பார்த்தார். எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். கையைத் தூக்கி அதை வாங்கக்கூட அவரால் முடியவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார், மருந்து குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைபோல. ஒரு ஆள் வாய் திறக்கவும் மாட்டாமல் தண்ணீர் குடிக்கவும் மாட்டாமல் நிற்பதை அத்தனை பேரும் பார்த்தோம். நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். அதைச் சாக்காக வைத்து, "பிள்ளைக்கும் வந்துடுச்சு பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போய்விட்டார். அந்த நேரத்திலும் அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது!

அன்றைக்கே ஆண்கள் பலகை போட்டுக் கிணற்றை மூடினார்கள். வெகு தூரம் நடந்து போய்த் தண்ணீர் எடுத்தோம். கொஞ்ச நாளில் புதிதாகப் படுப்பது நின்றது. எங்கள் பாயும் சட்டியும் கிணற்றை மூடிய அன்று சாயங்காலமே பெரியப்பா வீட்டு வாசலில் வந்து விழுந்தன.

அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு நேரே செட்டிமார் கம்பத்துக்குப் போனாள். மக்சிக் அடுக்களையில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அம்மா கைகூப்பி, தனக்குத் தெரிந்த ஓட்டை மலாயில், நான் செய்தது தப்பு என்றாள். சட்டி, கிணறு, குழி எல்லாவற்றையும் சொன்னாள். மக்சிக் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"தெருவுல வச்சு ஒடச்சே. என் அடுப்படியில வந்து தப்புன்னு சொல்றியா?" என்று மலாயில் கேட்டாள்.

அம்மா எங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "வாங்க" என்றாள்.

நாங்கள் நாலு பேரும் திரும்பி நடந்தோம். அந்தத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மக்சிக்கை நிற்க வைத்து, அன்று சேர்ந்து கத்தின பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்த பிறகு, அம்மா உரக்கச் சொன்னாள்: "இவங்க மேல ஒரு தப்பும் இல்ல. சட்டிய ஒடச்சது நான். நான் பண்ணினது தப்பு."

தள்ளிவிட்ட பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மக்சிக் அழவும் இல்லை, அம்மாவைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை. "இருட்டிடும், நட" என்றாள் எங்களைப் பார்த்து. அவள் வீட்டுப் பின்கொட்டகையில் விறகை ஒதுக்கி எங்களுக்கு இடம் கொடுத்தாள். ஜப்பான்காரன் போகும்வரை அம்மா அவளுக்குக் கிழங்கு துருவினாள். முதல் நாட்களில் மக்சிக் எங்களுக்குச் சாப்பாடு வைப்பாள், பேசமாட்டாள். பேச்சு வருவதற்கு நாள் பிடித்தது. அது நியாயம் என்று எனக்கு இப்போது படுகிறது.

முடிவெட்டுக்காரர் மனைவி பல நாள் கழித்து அங்கே வந்தாள். அம்மா பயந்துபோய் எழுந்தாள். அந்தப் பெண் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்தாள். வெகுநேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "விதின்னாங்க. சாமி குத்தம்னாங்க. கெணத்தடியில என் பிள்ளைய அடிச்சேனே, அந்தப் பாவமோன்னு நான் நெனச்சு நெனச்சு செத்துக்கிட்டிருந்தேன். என் பிள்ளை எதனால போச்சுன்னு நீ ஒருத்திதான் சொன்னே. ஒன்ன மன்னிக்க முடியல. ஆனா நீ சொன்னே." பிறகு எழுந்து போய்விட்டாள்.

அப்பா சயாமிலிருந்து வரவே இல்லை. சண்டை முடிந்தது. புதிதாக வந்தவர்களுக்குப் பழைய கதை தெரியாது. தெரிந்தவர்களும் பேசவில்லை. பெரியப்பா சங்கத்தில் பெரிய மனிதரானார். ஒரு கூட்டத்தில் அவருக்கு மாலை போட்டு, ஜப்பான் காலத்தில் எங்கள் வீட்டு வரிசையையே நோயிலிருந்து காத்தவர் என்று ஒருவர் பேசினார். பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அந்த மாலையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

என் கல்யாணத்துக்கு முன் சொந்தக்காரர்கள் சமாதானம் பேசினார்கள். வெற்றிலைத் தட்டோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நன்றாகக் கிழமாகியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நடந்தது நடந்துபோச்சு. பழச மறந்துடுவோம்" என்றார்.

"சரி, மாமா" என்றாள் அம்மா. "என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவ ஒங்க வாயால சொல்லுங்க. அதோட நானும் மறந்துடறேன்."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"ஒங்க வாயால சொல்லுங்க."

அவர் கூரையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. அம்மா அவசரப்படுத்தவில்லை. எதிரில் நின்று காத்துக்கொண்டிருந்தாள். எனக்கே ஒரு கணம் அவர்மேல் இரக்கம் வந்தது. சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"அந்தக் காலம் அப்படி" என்றார் கடைசியில்.

"காலமா குழி வெட்டுற எடத்த காட்டுச்சு, மாமா?"

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அப்போதுதான் வந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டார், போகிறவர் யார் என்று கேட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரரோட அண்ணன்" என்றாள் அம்மா. "ஒண்ணு சொல்ல வந்தாரு. சொல்லாமலே போறாரு. நீங்க உள்ள வாங்க, கோப்பி குடிங்க."